இறங்காமல் போக ஒரு பாஸ்

ஊர் பார்க்க வருகிறவர்களுக்குப் பாஸ் விற்பது என் வேலை. பெரிய ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறி வந்தால் முதலில் கண்ணில் படுகிற கவுண்டர் என்னுடையதுதான். எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எதைப் பார்க்க ஆசை? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், உங்களுக்கு ஒரு நாள் பாஸ் போதுமா, மூன்று நாள் பாஸ் வேண்டுமா, பஸ்ஸும் படகும் சேர்ந்ததா, வெறும் மெட்ரோவா என்று. சிலர் நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விலை கூடியதுதான் நல்லது என்று வாங்கிப் போவார்கள். மறுநாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். “நான் அப்பவே சொன்னேனே” என்று சொல்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. மறைப்பானேன்.

அப்பேர்ப்பட்ட என்னைத் திணறடித்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். அவர் என் மாமியார்.

அத்தைக்கு ஊரில் துணி தேய்க்கும் கடை. வீட்டு முன்னறைதான் கடை. நீள மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட போர்வை, கனத்த இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் ஆளுயரத்துக்குத் துணி மூட்டைகள். கல்யாணமான சில வருஷத்திலேயே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கைப்பிள்ளையை மேஜைக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். தெருவில் யார் போனாலும் நிறுத்தி நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டார். ஆனால் மேஜைக்கு அடியில் கிடந்த பிள்ளைக்குத் திக்குவாய்.

அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர். இவர் வாயைத் திறந்து முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தவிப்பதை அத்தையால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாக்கியை அவரே சொல்லி முடித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில், வைத்தியரிடம், மளிகைக் கடையில், எல்லா இடத்திலும் இவருக்காக அவர் பேசினார். ஒரு தடவை ராத்திரி படுக்கப் போகும்போது இவர் “த... த...” என்றிருக்கிறார். அத்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவர் கேட்க வந்தது தலையணை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையை மடித்து வைத்துத் தூங்கிவிட்டாராம். இதை அத்தையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சுவார்.

நான் இவரை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் போன மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த ஸ்பீக்கரில் ஓட்டுநரின் குரல் வந்தது. அவசரம் இல்லாத, நிதானமான குரல். வண்டி நின்றதே நல்லதுக்குத்தான் என்று தோன்ற வைக்கிற குரல். அடுத்த வாரம் ஊழியர் கேன்டீனில் ஒருவர் ஒரு டீ கேட்க அரை நிமிஷம் போராடிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எப்படி என்று இவருக்கே தெரியாது. ஓட்டுநர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, எதிரே யார் முகமும் இல்லாமல், மைக் பொத்தானை அழுத்தினால் நாக்கு அவிழ்ந்துவிடும். பொத்தானை விட்டால் பழைய கதை. அம்மாவிடம் பேசும்போது மட்டும் இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளும். வாராவாரம் போன் போடுவார். “அ...” என்பார். அப்புறம் முழுக்க அத்தைதான்.

அத்தையிடம் நான் இந்தக் குரலைப் பற்றி நூறு தடவை சொல்லியிருப்பேன். அவர் நம்பவில்லை.

“என் மனசு சந்தோஷப்படணும்னு நீ சொல்ற. நல்ல பொண்ணும்மா நீ.”

“அத்தை, சத்தியமா. ஒரு வண்டி ஜனத்துக்கும் நின்னு நிதானமாப் பேசுவாரு.”

“அவனா? நான் பெத்த பிள்ளையைப் பத்தி எனக்கே கதை விடுறியா?”

கடையை மூடி வைக்க மனசு வராமல் வருஷக்கணக்காக இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் மூன்று நாளைக்கு என்று கிளம்பி வந்தார். வந்த முதல் நாள் இவர் டூட்டிக்குப் போனதும் என்னோடு கவுண்டருக்கே வந்துவிட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே வந்து போகிற கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தவர், கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா, இறங்காமலே போக ஒரு பாஸ் இருக்கா?”

“இறங்காம எங்கே போறது?”

“எங்கேயும் போக வேணாம். அவன் வண்டியில ஏறி உக்காந்துக்கணும். அவன் பேசுறதைக் கேக்குறவரைக்கும் உக்காந்திருக்கணும். நான் இருக்கிறது அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வாய் அடைச்சிப் போயிடும்.”

இந்த மனுஷி ஊர் பார்க்க வரவில்லை. பிள்ளை ஒரு முழு வாக்கியம் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறார்.

அதில் ஒரு சிக்கல். நிலையங்களின் பெயரைச் சொல்வதெல்லாம் பதிவு செய்து வைத்த பெண் குரல். ஓட்டுநர் வாயைத் திறப்பது வண்டி நடுவழியில் நின்றால் மட்டும்தான். அப்போது கட்டாயம் பேச வேண்டும். சுரங்கத்துக்குள் நின்ற வண்டியில் ஓட்டுநர் பேசாமல் இருந்தால் ஜனம் மிரண்டு கதவை இழுக்கும், அப்புறம் விசாரணை, வேலைக்கே உலை. ஆகவே அத்தை வண்டியில் இருப்பது இவருக்குத் தெரிந்து, அந்த நேரம் பார்த்து நாக்கும் ஒட்டிக்கொண்டால்? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

சரி, எந்த பாஸ்? ஓட்டுநரின் அம்மாவுக்கு இலவச பாஸ் உண்டு, ஆனால் விண்ணப்பத்தில் இவர் கையெழுத்துப் போட வேண்டும், குட்டு உடைந்துவிடும். பக்கத்துக் கவுண்டர்க்காரர் தலையை நீட்டினார். யார் வந்தாலும் படகு சேர்ந்த பாஸைத்தான் தலையில் கட்டுவார். அதனால் அவர் பெயரே எங்களுக்குள் படகு.

“பெரியம்மாவுக்கு மூணு நாள் பாஸ் போடுங்க. படகு இருக்கு, மியூசியத்துல சலுகை இருக்கு, பஸ் மாடியில உக்காந்து...”

“மியூசியம் எனக்கு எதுக்கு தம்பி? என் கடையிலயே எனக்கு முன்னாடி பொறந்த துணியெல்லாம் இருக்கு.”

“அப்ப படகு?”

“நீங்க போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

படகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒற்றைப் பயண டிக்கெட் ஆகாது, ஒரு முறை வெளியே வந்தால் முடிந்தது. ஒரே தடத்துக்கான பாஸ் மலிவு, ஆனால் அது மாதக் கணக்கு. அத்தைக்கு இருந்தது மறுநாள் மட்டும்தான், அதற்கு அடுத்த நாள் காலையில் ஊருக்கு ரயில். கடைசியில் மெட்ரோ மட்டும் உள்ள ஒரு நாள் பாஸைப் போட்டேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். இவரிடம், அத்தைக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். இவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் காலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே கிளம்பினோம்.

நகரும் படியில் கீழே இறங்கும்போது அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்க இறங்க முடியவில்லை.

“இன்னும் கீழயா? மேல வீடெல்லாம் இருக்கேம்மா!”

“வீடு மட்டுமா, ஆறு ஒண்ணு இருக்கு. அதுக்கும் அடியிலதான் வண்டி போகும்.”

“ஆத்துக்கு அடியிலயா? என் பிள்ளையா ஓட்டிட்டுப் போறான்?”

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? தினமும் இந்தப் படியில் இறங்குகிறவள் நான். கையில் போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். அன்றைக்கு அத்தையோடு சேர்ந்து நானும் அண்ணாந்து பார்த்தேன். பூமியைக் குடைந்து, வளைத்து, பளிச்சென்று விளக்குப் போட்டு, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாமல் மனுஷன்தான் இதைச் செய்திருக்கிறான். எனக்கே மெய் சிலிர்த்தது.

இவர் ஓட்டும் வண்டியின் நெற்றியில் ஒரு எண் எரியும். அதைப் பார்த்து, ஓட்டுநர் அறைக்கு எட்டாத நடுப்பெட்டியில் ஏறினோம். அத்தை ஸ்பீக்கருக்கு நேர் கீழே இடம் பிடித்தார். மடியில் பையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டார். வண்டி கிளம்பியது. ஒரு குலுக்கல் இல்லை. நிற்கிற இடத்தில் பூப்போல நின்றது.

“இவ்வளவு பேரு இருக்காங்களே, யாருக்காவது அவன் பேரு தெரியுமா?”

“தெரியாது அத்தை.”

“தெரியாமலா நம்பி ஏறுறாங்க!” என்றார். பெட்டியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளை ரொம்ப நேரம் பார்த்தார். “பாரு, எப்படித் தூங்குறாரு. என் பிள்ளை ஓட்டுறான், இவரு தூங்குறாரு.”

கடைசி நிலையம் வந்தது. வண்டி அப்படியே திரும்பிப் போகும், ஓட்டுநர் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து வருவார். எங்கள் ஜன்னலை இவர் தாண்டிப் போனபோது அத்தையும் நானும் செருப்பைத் தேடுகிறவர்கள் மாதிரிக் குனிந்துகொண்டோம். ஆபத்து தாண்டியது. மறுபடி அந்தக் கடைசி, மறுபடி இந்தக் கடைசி. வண்டி எங்கும் நிற்கவில்லை. கடிகாரம் தோற்றது போங்கள். பெண் குரல் மட்டும் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தது.

“இந்தப் பொண்ணு மூச்சே விடாதா?” என்றார் அத்தை.

நான் மனசுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன், வண்டி பழுதாக வேண்டும் என்று. மெட்ரோவில் சம்பளம் வாங்குகிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது? ஒரு சிக்னல் போதும், ஒரே ஒரு சிவப்பு விளக்கு போதும் என்று பேரம் பேசினேன்.

அப்போதுதான் அத்தை அந்தத் தூங்குமூஞ்சியைக் காட்டிக் கேட்டார். “இப்படியே சாயங்காலம் வரைக்கும் தூங்கினா யாரும் எழுப்ப மாட்டாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுப்புவார்கள். வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கிறதே என்று ஜனம் வந்து வண்டியிலேயே படுத்துத் தூங்கியதால்தான் ஒரு விதி போட்டார்கள். எந்த பாஸாக இருந்தாலும் சரி, உள்ளே நுழைந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். தாண்டினால் கேட் திறக்காது, காவலர் வருவார், விளக்கம் கேட்பார். பாஸ் வாங்கி இறங்காமல் இருக்க விரும்பிய ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அந்த விதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே மறந்துவிட்டது. நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல அன்றைக்கு எனக்கு எதிரே யாரும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு மணி நேரம் ஆகக் கொஞ்சமே பாக்கி. அடுத்த நிலையத்தில் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். படியேறி, கேட்டைத் தாண்டி வெளியே போய், பாஸை மறுபடி காட்டி உள்ளே வந்து, படியிறங்கி மூச்சு வாங்க நின்றோம். இவர் வண்டி கடைசி வரை போய்த் திரும்பி வர வேண்டும். தூணுக்குப் பின்னால் அத்தையை மறைத்து நிறுத்தினேன்.

“நான் என்ன திருடியா?” என்றார் அத்தை.

நெற்றியில் அந்த எண்ணோடு வண்டி வந்தது. ஓடிப்போய் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை வாசலிலேயே நிற்கிறார். களைத்த காலுக்கு வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஒரு காலைத் தூக்குகிறார், பின்வாங்குகிறார். கதவு மூடும் மணி அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கதவு மூடவில்லை. அத்தை இரண்டாம் முறை காலைத் தூக்கி, கம்பியைப் பிடித்து, உள்ளே வந்து நின்ற பிறகுதான் மூடியது. நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றுக்கு அடியில் போகும்போது வண்டி வேகம் குறைந்தது. குறைந்து குறைந்து நின்றது.

சத்தம் எல்லாம் அடங்கியது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் வளையல் நசுங்கியிருக்கும். ஸ்பீக்கரில் டக் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மூச்சு. அத்தையின் உதடு அசைந்தது. பிள்ளை முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் எடுத்துக்கொடுக்கத் தயாராக.

“பயணிகளின் கவனத்துக்கு. முன்னால் இருக்கும் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பத் தாமதமாகிறது. சிறிது நேரத்தில் நாமும் புறப்படுவோம். தயவுசெய்து கதவைத் திறக்க முயல வேண்டாம்.” கொஞ்சம் நிறுத்தி, அதே நிதானத்தில், “பயப்பட ஒன்றும் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.”

டக். அவ்வளவுதான்.

எடுத்துக்கொடுக்க ஒரு வார்த்தை மிச்சமில்லை. அத்தை வாய் திறந்தபடி அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெண் போனில் “லேட்டாகும்” என்றாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. எங்கள் இருவரையும் தவிர அந்த வண்டியில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை அழவில்லை, சிரிக்கவில்லை. பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கோயிலுக்குள் பேசுகிறவர் மாதிரிக் கிசுகிசுத்தார்.

“அவங்க அப்பா குரல்மா.”

அதை இவர் வாயில் யாருமே கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு இவர் பேசியதில்லை. வண்டி கிளம்பிய பிறகும் அத்தை என் கையை விடவில்லை. அறிவிப்பு வாசகம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். “கதவைத் திறக்க முயல வேண்டாம்” என்பதோடு அது முடிந்துவிடும். கடைசி இரண்டு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. அத்தை இருந்த நிலையில் அதை வெளியே சொல்லவில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். நான் வழியெல்லாம் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தேன், பூங்கா பார்த்தோம், கடைத்தெரு பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்று. இவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஊ... ஊரு பாத்தியாம்மா?”

அத்தை என்னைப் பார்த்தார். பூங்கா என்று வாயசைத்துக் காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“பொய் சொல்ல வரலைடா. உன் வண்டியிலதான் இருந்தோம். கோபிச்சுக்காத. நீ பேசுறதைக் கேக்கணும்னு ஆசை. உனக்குத் தெரிஞ்சா பேச வராதுன்னுதான் சொல்லலை.”

நான் தரையைப் பார்த்தேன். இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “தெ... தெ... தெரியும்மா” என்றார். “க... கதவு மூடுறதுக்கு முன்னாடி பி... பிளாட்பாரம் பூரா எனக்கு ஸ்கிரீன்ல தெரியும். நீ ஏ... ஏற முடியாம நின்ன. நான்தான் க... கதவை மூடாம வச்சிருந்தேன்.”

எனக்குச் சுரீர் என்றது. ஸ்கிரீன் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அத்தனை கூட்டத்தில் ஒரு கிழவி எங்கே கண்ணில் படப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அத்தை எழுந்து நின்றுவிட்டார். “அப்ப வண்டி நின்னப்ப? நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சேவா பேசின?”

இவர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது, அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுகியது. என்னால் பார்க்க முடியவில்லை. இவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நானும் அதைத்தானே செய்கிறேன். “உங்களுக்காகத்தான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரும்மா. அவன் சொல்லுவான்.”

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. அத்தை உதட்டை இறுக மூடிக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றார். இவர் அந்த எழுத்தோடு மல்லுக்கட்டி, விட்டு, மறுபடி பிடித்து, தானாகவே சொல்லி முடித்தார்.

“நீ... நீ இருட்டுல ப... பயப்படுவியேன்னுதான்மா பேசினேன்.”